ஐந்தாவது ஆள்: பூடாபெஸ்ட் முதல் பாரிஸ் வரை இந்தியாவின் 4×400 ரிலே

2023 ஆகஸ்ட் 26. பூடாபெஸ்ட் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப், ஆண்கள் 4×400 மீட்டர் ரிலே (ஆளுக்கு 400 மீட்டராக நால்வர் பேட்டன் என்ற கோலைக் கைமாற்றி ஓடுவது), தகுதிச் சுற்று. கடைசி நூறு மீட்டரில் அமெரிக்காவை ஒட்டிக்கொண்டு ஒரு நீலச் சட்டை வருகிறது. முதலில் ஏதோ ஐரோப்பிய அணி என்று நினைத்துவிட்டு, பிறகுதான் அது திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ் என்பது உறைத்து எழுந்து உட்கார்ந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அமெரிக்கா 2 நிமிடம் 58.47 வினாடி. இந்தியா 2:59.05. அன்று அது ஆசியச் சாதனை. அதற்கு முன்பிருந்த சாதனை 2022இல் ஜப்பான் ஓடிய 2:59.51.

அடுத்த நாள் இறுதிச் சுற்றில் 2:59.92 ஓடி ஐந்தாம் இடம் பிடித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பாரிஸ் ஒலிம்பிக்கில் கிட்டத்தட்ட அதே அணி 3:00.58 ஓடி, தகுதிச் சுற்றோடு வீடு திரும்பியது. ஒன்றரை வினாடி என்ன ஆனது? "ஃபார்ம் போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், பலர் முடித்தும் விட்டார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. நால்வரை விட்டுவிட்டு, மாற்று ஓட்டக்காரர்களாக வெளியே காத்திருக்கிற ஐந்தாவது ஆளையும் ஆறாவது ஆளையும் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும் என்று நினைக்கிறேன். பள்ளி நாளில் மண்டலப் போட்டிக்கு ஐந்தாவது ஆளாகப் போய், கடைசி வரை ட்ராக் சூட்டைக் கழற்றாமலே பஸ் ஏறி வந்தவன் நான். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2:59.05 என்பது 179.05 வினாடி. நாலால் வகுத்தால் ஆளுக்கு 44.76. ஆனால் அன்று இந்தியாவின் 400 மீட்டர் தேசியச் சாதனையே முகமது அனஸ் 2019இல் ஓடிய 45.21தான். அதாவது அந்த நால்வரில் யாருமே தனி ஓட்டத்தில் 45க்குள் வந்ததில்லை, ஆனால் ரிலேயில் சராசரியே 44.76. மாயமில்லை. முதல் ஆள் மட்டும்தான் பிளாக்கில் (தொடக்கக் கட்டையில்) குனிந்து துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார். மற்ற மூவரும் நகர்ந்துகொண்டே பேட்டனை வாங்குகிறார்கள். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கிற நேரம் மிச்சம், அது ஆளுக்கு அரை வினாடியிலிருந்து முக்கால் வினாடி வரை வரும். மூன்று பேருக்குச் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு வினாடி. எனவே 45.3, 45.4 ஓடக்கூடிய நால்வர் ஒரே நாளில் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் 2:59 வரும். 44 வினாடி நட்சத்திரம் ஒருவர்கூட வேண்டாம். ஆனால் நால்வரில் ஒருவர் 46.5 நிலைக்கு இறங்கினாலும் கணக்கு மூன்று நிமிடத்துக்கு மேலே போய்விடும். நட்சத்திரம் இருக்கிற நாடு ஒரு பலவீனமான காலைத் தாங்கும். சமமான நால்வரை நம்பியிருக்கிற நாடு தாங்காது.

சரி, அந்த நால்வர் யார்? அனஸ், கொல்லம் பக்கம் நிலமேல் ஊர்க்காரர், ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர். இரண்டாவது அமோஜ் ஜேக்கப், டெல்லியில் வளர்ந்தவர். மூன்றாவது பாலக்காட்டு முகமது அஜ்மல். நான்காவது ராஜேஷ். இந்த வரிசை சும்மா வந்ததல்ல. 4×400இல் முதல் ஆள் முழுச் சுற்றையும் தன் லேனிலேயே ஓடுகிறார். பக்கத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று சரியாகத் தெரியாது, தன் தாளத்தை நம்பி ஓட வேண்டும், அதற்கு அனுபவம் வேண்டும். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடிந்ததும் உள் லேனுக்குப் பாய்கிறார். அங்கே முழங்கை, தோள் எல்லாம் உண்டு. அந்த இடத்தில் நாலாவதாக உள்ளே நுழைவதும் ஏழாவதாக நுழைவதும் ஒன்றல்ல, ஏனென்றால் ஏழாவதாகப் போனவர் அடுத்த வளைவில் வெளிப்பக்கம் ஓடி முந்த வேண்டும், கூடுதல் தூரம், கூடுதல் களைப்பு. மூன்றாவது, நான்காவது ஆட்கள் பேட்டன் வாங்க நிற்கிற வரிசைகூட, வந்துகொண்டிருக்கிறவர் கடைசி 200 மீட்டருக்குள் எந்த இடத்தில் நுழைகிறார் என்பதை வைத்துத்தான் அமைகிறது. இதெல்லாம் தெரிந்தால், தேர்வு என்பது "நாலு வேகமானவர்களைப் பொறுக்கு" என்பதல்ல என்று புரிந்துவிடும். 45.6 ஓடுகிறவர் கூட்டத்துக்குள் நன்றாக ஓடுவார், 45.3 ஓடுகிறவர் தனி லேனில் மட்டும்தான் புலி. யாரை எடுப்பது?

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். பூடாபெஸ்டுக்கு ஆறு வாரம் முன்னால், 2023 ஜூலையில் பாங்காக் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் 4×400 தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. இலங்கை 3:01.56 ஓடித் தங்கத்தைத் தட்டிச் சென்றது, இந்தியா 3:01.80, வெள்ளி. ஆறே வாரத்தில் கிட்டத்தட்ட மூன்று வினாடி முன்னேற்றம். அந்த முன்னேற்றத்துக்குப் பின்னால் ஜமைக்காவைச் சேர்ந்த பயிற்சியாளர் ஜேசன் டாசன் இருந்தார், திருவனந்தபுரம் முகாம் இருந்தது. நாலு பேரும் சேர்ந்தே தின்று, தூங்கி, ஓடினார்கள். ரிலேக்கு அது நல்லதுதான். ஆனால் முகாமின் கவனம் முழுக்க நால்வர் மேல் குவிந்தால், வெளியே இருக்கிற ஐந்தாவது ஆளுக்கும் அந்த நால்வருக்கும் இடையிலான தூரம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். அந்தத் தூரம் நல்ல நாளில் கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அதே நால்வர், 3:01.58, தங்கம். அதற்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஓடுகிற கலப்பு ரிலே, அதில் அஜ்மலும் ராஜேஷும் வித்யா ராம்ராஜ், சுபா வெங்கடேசனுடன் ஓடி 3:14.34இல் வந்தார்கள். முதலில் மூன்றாம் இடம், இலங்கை தகுதி நீக்கம் செய்யப்பட்டதும் வெள்ளி. பதக்கப் பட்டியலில் பார்க்க அழகு. ஆனால் ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் மூன்று பெரிய போட்டிகளையும் ஏறத்தாழ இதே கால்கள்தான் சுமந்தன.

மே 2024, பஹாமாஸின் நாஸோ (Nassau) நகரம், உலக ரிலே போட்டி. ஒலிம்பிக் சீட்டு இங்கேதான் வாங்க வேண்டும். பதினாறு அணிகளில் பதினாலு இங்கிருந்தே தேர்வாகும். முதல் நாள் எட்டு, மறுநாள் ஆறு, மீதி இரண்டு நேரப் பட்டியலில் இருந்து. முதல் நாள் இந்திய ஆண்கள் ஓட்டம். இந்த முறை ராஜேஷ் கடைசி ஆள் இல்லை, இரண்டாவது ஓட்டத்தில் வைக்கப்பட்டிருந்தார். பாதி வழியில் தசை பிடித்துக்கொண்டது, நின்றுவிட்டார். ஓட்டம் முடியவில்லை, நேரமே பதிவாகவில்லை. ஆசியச் சாதனை அணிக்கு ஒலிம்பிக் சீட்டு இல்லாமல் போகக்கூடிய நிலை, கையில் மிஞ்சியது ஒரே ஒரு நாள்.

அப்போது ட்ராக் சூட்டைக் கழற்றியவர் ஆரோக்கிய ராஜீவ்.

லால்குடிக்காரர். ராணுவத்தில் சேர்ந்த பிறகு 400 மீட்டருக்கு வந்தவர், அதற்கு முன் நீளம் தாண்டியவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தனி 400 மீட்டரில் வெண்கலம். 2016 ரியோவில் ரிலே அணியில் இருந்தார், அந்த அணி தகுதி நீக்கம் ஆனது. 2018 ஜகார்த்தாவில் ஆண்கள் ரிலே வெள்ளி, கலப்பு ரிலேயில் வெள்ளியாக வந்து பஹ்ரைன் ஊக்கமருந்தில் சிக்கியபின் தங்கமாக மாறிய பதக்கம். 2021 டோக்கியோவில் இந்திய ஆண்கள் 3:00.25 ஓடி அன்றைய ஆசியச் சாதனையை முறியடித்தார்களே, அந்த நால்வரில் ஒருவர் (மற்றவர்கள் அனஸ், நோவா நிர்மல் டாம், அமோஜ்). அன்று ஒட்டுமொத்தத்தில் ஒன்பதாவது இடம், எட்டு அணிகளுக்கு இடமுள்ள இறுதிச் சுற்று கைநழுவியது. இப்படி எல்லா விதமான ரிலே துக்கத்தையும் சந்தோஷத்தையும் பார்த்த மனிதர், 33 வயது ஆக இரண்டு வாரம் பாக்கி இருக்கும்போது, நாஸோவில் இரண்டாம் நாள் மூன்றாவது ஓட்டத்துக்கு இறங்கினார். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ். நேரம் 3:03.23. அமெரிக்கா 2:59.95 ஓடி முதலிடம், இந்தியா இரண்டாம் இடம். பாரிஸ் சீட்டு உறுதி.

நேரத்தைப் பாருங்கள். பூடாபெஸ்டைவிட நாலு வினாடி மந்தம். ஆனால் அன்று கடிகாரத்தோடு போட்டியில்லை, தன் ஹீட்டில் (தகுதிச் சுற்றில் சேர்ந்து ஓடுகிற குழுவில்) இரண்டாவதாக வந்தால் போதும். அந்த மாதிரி நாளில் 45.3 ஓடுகிற இளைஞனைவிட, பேட்டனைத் தவறவிடாத, கூட்டத்தில் பதறாத ஒரு பழைய கை உதவும். ராஜீவை அங்கே அழைத்துப் போன முடிவு சரியான முடிவு, அதை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதே சமயம் இன்னொன்றும் உறுத்துகிறது. உலகத்தில் ஐந்தாவதாக வந்த அணிக்கு, எட்டு மாதம் கழித்து நெருக்கடி வந்தபோது கை கொடுத்தது 2014இலேயே பதக்கம் வாங்கிய ஆள். இடையில் பத்து வருடத்தில் வந்திருக்க வேண்டிய ஐந்தாவது, ஆறாவது ஆள் எங்கே?

பெண்கள் பக்கமும் அதே நாளில் அதே கதை. ரூபல் சவுத்ரி, பூவம்மா, ஜோதிகா ஸ்ரீ தண்டி, சுபா வெங்கடேசன், 3:29.35, ஜமைக்காவுக்குப் பின்னால் இரண்டாவது. பூவம்மாவுக்கு அப்போது வயது 33.

பாரிஸுக்கு ராஜீவ் போகவில்லை. அனஸ், அஜ்மல், அமோஜ், ராஜேஷ் ஆகியோருடன் சந்தோஷ் குமார் தமிழரசன், மிஜோ சாக்கோ குரியன் இருவரும் பட்டியலில் இருந்தார்கள். சீட்டு வாங்கித் தந்தவருக்கு இடமில்லையா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ரிலேயில் சீட்டு நாட்டுக்குச் சொந்தம், ஓடியவருக்கு அல்ல. இது ராஜீவுக்கு மட்டும் நடந்ததல்ல. 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பில் கலப்பு ரிலே அணி 3:16.14 ஓடி இறுதிக்குப் போனதால்தான் டோக்கியோ ஒலிம்பிக் இடம் கிடைத்தது. ஓடியவர்கள் அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நோவா நிர்மல் டாம். டோக்கியோ கலப்பு அணியில் அந்த நால்வரில் ஓடியது அனஸ் மட்டும். பெண்கள் இருவருமே மாறிப்போனார்கள், 2021 ஜூலை தொடக்கத்தில் பட்டியாலாவில் நடந்த ஒரே ஒரு தேர்வு ஓட்டம் அதை முடிவு செய்தது.

அந்தத் தேர்வு ஓட்டம் நம் ஊருக்கு மறக்க முடியாத ஒன்று. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி 53.55இல் முதலாவதாக வந்தார். சுபா வெங்கடேசனும் தனலட்சுமி சேகரும் அவருடன் தேர்வானார்கள். ஆண்கள் ரிலேயில் ஆரோக்கிய ராஜீவும் நாகநாதன் பாண்டியும். ஆக டோக்கியோ சென்ற இந்தியத் தடகள அணியில் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேர், ஐந்து பேருமே ரிலே! அந்த வாரம் ஊரெல்லாம் கொண்டாட்டம். அப்புறம் ஓட்டம் நடந்தது. அனஸ், ரேவதி, சுபா, ராஜீவ் சேர்ந்து 3:19.93, தகுதிச் சுற்றிலேயே வெளியே. தோஹாவில் சீட்டு வாங்கிய நேரத்தைவிட கிட்டத்தட்ட நாலு வினாடி அதிகம். தனலட்சுமிக்கும் நாகநாதனுக்கும் ஓட வாய்ப்பே வரவில்லை.

இதற்கு ரேவதியையோ சுபாவையோ குறை சொல்வது அநியாயம். அன்று அங்கே இருந்தவர்களில் வேகமாக ஓடியவர்களை எடுத்தார்கள், அவ்வளவுதான். பிரச்சினை தேர்வு முறையில் இருந்தது. ஒலிம்பிக்குக்கு நாலே வாரம் முன்னால், கொரோனாவால் பயணமும் போட்டியும் முடங்கிக் கிடந்த காலத்தில், ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து முடிவு செய்தால், அந்த ஒரு ஓட்டத்துக்கே உச்சத்தைச் செலவழித்துவிட்டுத்தான் ஒருவர் விமானம் ஏறுவார். நாலு வாரத்துக்குள் இன்னொரு உச்சம் வராது. ஒரே தேர்வு ஓட்டம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், சிபாரிசுக்கு இடமில்லை, கடிகாரம் சொன்னதுதான் முடிவு. சிபாரிசைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நியாயமான முறை என்பதாலேயே அது நல்ல அணியைத் தந்துவிடாது. சீசன் முழுக்க மூன்று நாலு ஓட்டங்களின் சராசரி, அதோடு ரிலேயில் உண்மையில் பேட்டனோடு ஓடிய நேரம், இரண்டையும் பார்க்காமல் பெயர் எழுதக்கூடாது என்பது என் கட்சி.

பாரிஸுக்குத் திரும்புவோம். 2024 ஆகஸ்ட் 9, ஆண்கள் முதல் ஹீட். அனஸ், அஜ்மல், அமோஜ், ராஜேஷ். போட்ஸ்வானா 2:57.76, பிரிட்டன் 2:58.88, அமெரிக்கா 2:59.15. முதல் மூவர் நேரடியாக இறுதிக்கு. இந்தியா 3:00.58. வலிக்கிற இடம் எது தெரியுமா? பூடாபெஸ்டில் ஓடிய அதே 2:59.05 அன்று வந்திருந்தால் அமெரிக்காவை முந்தி மூன்றாவதாக நேரே உள்ளே போயிருப்பார்கள்.

ஏன் அமெரிக்கா இவ்வளவு மெதுவாக ஓடியது என்பதில்தான் இந்த ஆய்வின் மறுபாதி இருக்கிறது. அவர்கள் முதல் ஓட்டத்துக்கு இறக்கியது குவின்சி வில்சன் என்ற பதினாறு வயதுப் பையனை. ஜூலையில் 44.20 ஓடி 18 வயதுக்குட்பட்டோர் உலகச் சாதனை வைத்தவன். பாரிஸில் அவன் ஓடியது 47.27. பேட்டனைக் கொடுக்கும்போது அணி பின்வரிசையில் கிடந்தது. அதன்பிறகு வெர்னன் நார்வுட், பிரைஸ் டெட்மன், கிறிஸ் பெய்லி மூவரும் இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது இடத்தில் சேர்த்தார்கள். இரண்டு நாள் முன்பு 43.40 ஓடித் தனிநபர் தங்கம் வென்ற குவின்சி ஹால் ஓடவே இல்லை. 400 தடை ஓட்டத்தின் ராய் பெஞ்சமினும் ஹீட்டில் இல்லை. இறுதியில் பெய்லி, நார்வுட், டெட்மன், பெஞ்சமின், 2:54.43, ஒலிம்பிக் சாதனை, போட்ஸ்வானாவை 0.10 வினாடியில் பின்தள்ளித் தங்கம். பையனுக்கும் தங்கப் பதக்கம்.

வில்சனை இறக்கியது சரியா என்று அங்கேயே பெரிய சண்டை நடந்தது. எனக்கு அது தப்பான சூதாட்டம் என்றே படுகிறது, ஒரு நொடி பிசகியிருந்தால் ஹீட்டிலேயே போயிருப்பார்கள். ஆனால் அவர்களால் அந்தச் சூதாட்டத்தை ஆட முடிந்தது, அதுதான் விஷயம். ஐந்தாவது ஆள் மூன்று வினாடி சொதப்பியும் அணி பிழைத்தது. நம் அணியிலோ நால்வரும் தங்கள் சிறந்த ஓட்டத்தை ஓடினால் மட்டுமே இறுதி, ஆளுக்கு அரை வினாடி கூடினாலே வெளியே. தகுதிச் சுற்றில் ஓடிய அதே நால்வர்தான் இறுதியிலும் ஓட வேண்டும் என்று விதியில்லை. அந்தச் சலுகை ஆறு சமமான ஆட்கள் இருக்கிற நாட்டுக்குத்தான் பயன்படும். பாரிஸில் பெண்கள் பக்கம் வித்யா, ஜோதிகா, பூவம்மா, சுபா ஓடினார்கள். 3:32.51, ஹீட்டில் கடைசி. நாஸோவைவிட மூன்று வினாடி பின்னால்.

இனி? 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப் ஆண்கள் ரிலேயில் ஓடியவர்கள் ஜெய் குமார், தரம்வீர் சவுத்ரி, மனு, விஷால். பூடாபெஸ்ட் நால்வரில் ஒருவர்கூட இல்லை. 3:03.67, வெள்ளி. கலப்பு ரிலேயில் ரூபல், சந்தோஷ் குமார், விஷால், சுபா, 3:18.12, தங்கம். நாலு பேரில் மூவர் தமிழ்நாடு. அந்தப் போட்டிக்குத் தங்கம் போதும், ஆனால் நேரம் 2023 பாங்காக்கின் 3:14.70க்கு மூன்றரை வினாடி பின்னால் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விஷால் மட்டும் வேறு கதை. 2025 ஆகஸ்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் 45.12 ஓடி அனஸின் ஆறு வருடச் சாதனையை உடைத்தார். முதன்முறையாக 45ஐத் தொடுகிற தூரத்தில் ஒரு இந்தியர். கடைசி ஓட்டத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று என்று எல்லோரும் எழுதினார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மேலே போட்ட கணக்கு மாறவில்லை. ஒருவர் 45.1, மற்ற மூவர் 46 என்றால் பேட்டன் வேகத்தையும் சேர்த்து 3:01 பக்கம்தான் நிற்கும். 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு. அதற்கான தேர்வுப் போட்டியின் முடிவுத்தாள் வெளியாகும்போது நான் முதல் பெயரைப் பார்க்கப் போவதில்லை. ஐந்தாவது வரியில் இருப்பவர் 45.8இல் இருக்கிறாரா, 46.8இல் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.